சார்ல்ஸ்டன் போய்வர முழு வழிகாட்டி: பழைய தங்க ஊரும் பாப்பரோவா கடலோரமும்

நியூசிலாந்தின் தென் தீவில், மேற்குக் கரையில், வெஸ்ட்போர்ட்டுக்குத் தெற்கே 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கிறது சார்ல்ஸ்டன். அங்கிருந்து கடலோரமாகவே இன்னும் 30 கிலோமீட்டர் போனால் புனகைக்கி. பாப்பரோவா தேசியப் பூங்காவின் வாசல் அது.

இந்தப் பக்கம் முதன்முறை வருபவர்கள் பெரும்பாலும் புனகைக்கியை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறார்கள். வழியில் சார்ல்ஸ்டன் பெயர்ப்பலகையைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, பத்து நிமிடம் சுற்றிவிட்டு, "ஒன்றுமே இல்லையே" என்று கிளம்பிவிடுகிறார்கள். பழைய கடைத்தெருவும் மரவீடுகளும் வரிசையாக நிற்கும் என்று நினைத்து வந்தால் அப்படித்தான் தோன்றும். தங்க வேட்டைக் காலத்துக் கட்டடங்கள் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பவை ஒரு குட்டித் துறைமுகம், வெட்டிய குன்றுகள், சுரங்க வாய்கள், கறுத்த மணல். இவற்றைப் பார்க்க ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசையை முடிவு செய்வது உங்கள் கைக்கடிகாரம் அல்ல, கடல்.

1. ஓத நேரத்தைப் பாருங்கள். அறை பிடிப்பது பிறகு

எல்லோரும் முதலில் விடுதியைப் பதிவு செய்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

காரணம் இதுதான். சார்ல்ஸ்டனின் கான்ஸ்டன்ட் விரிகுடாவைக் கடல் நீர் இறங்கியிருக்கும் தாழ் ஓதத்தில் பார்த்தால்தான் அதன் வாய் எவ்வளவு குறுகல், உள்ளே எத்தனை பாறை என்பது தெரியும். புனகைக்கியின் ஊதுதுளைகளோ (அலை மோதும்போது நீர் மேலே பீச்சியடிக்கும் பாறைத் துளைகள்) நீர் ஏறியிருக்கும் உயர் ஓதத்தில்தான் வேலை செய்யும். இரண்டுக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். இரண்டு ஊர்களுக்கும் இடையே அரை மணி நேரப் பயணம். மிச்சமிருக்கும் நேரத்துக்குள் சுரங்கம், சாப்பாடு, வழியில் நிற்கும் இடங்கள் எல்லாம் அடங்கிவிடும்.

செய்ய வேண்டியது:

- வெஸ்ட்போர்ட் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரை முழுவதற்கும் அதுவே போதும்.
- காலை 7 முதல் 9 மணிக்குள் தாழ் ஓதம் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அப்படியானால் உயர் ஓதம் பிற்பகல் 1 முதல் 3 மணிக்குள் வரும். காலை சார்ல்ஸ்டன், மதியம் புனகைக்கி.
- ஓத நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தேதி ஒத்துவராவிட்டால் இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்திப் பாருங்கள்.
- நகர்த்தவே முடியாதென்றால் வரிசையைத் திருப்புங்கள்: காலை உயர் ஓதத்தில் புனகைக்கி, பிற்பகல் தாழ் ஓதத்தில் சார்ல்ஸ்டன். அப்போது முந்தின இரவு புனகைக்கிப் பக்கம் தங்குங்கள். அறையைப் பிறகு பிடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு பொறி: செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நியூசிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். உங்கள் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்காத அட்டவணையை நம்பினால் உயர் ஓதம் வருவதற்கு முன்பே "ஒன்றும் நடக்கவில்லை" என்று திரும்பிவிடுவீர்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம். இந்தக் கரையில் 3 மீட்டரை நெருங்கும். கையில் பஞ்சாங்கம் இருந்தால் முதல் வடிகட்டலுக்கு அதுவே உதவும்.

பிப்ரவரி, மார்ச்சில் வானிலை ஓரளவு நிலையாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை உள்ளூர்க்காரர்களுக்கும் விடுமுறை. அந்தச் சமயத்தில் வருவதானால் மாதங்களுக்கு முன்பே அறை பிடித்துவிட வேண்டும்.

2. கிளம்பும் முன்: தாள், பெட்டி, செருப்பு

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு மின்னணுப் பயண அனுமதி போதும்.

ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அதை வைத்தே வண்டி ஓட்டலாம். அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். செல்போனில் உள்ள படம் எடுபடாது. சாலையில் இடப்பக்கம்தான் என்பதால் நம்மவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

உணவுப் பொருள்தான் பெரிய தலைவலி. பொடி, ஊறுகாய், வடகம், கறிவேப்பிலை, விதை, தேன் என எது பெட்டியில் இருந்தாலும் வருகைப் படிவத்தில் "ஆம்" என்று குறியுங்கள். குறித்துவிட்டுக் காட்டினால் மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். குறிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். இலை, விதை, தேன் இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

நடைக் காலணியின் அடியில் மண் ஒட்டியிருக்கக்கூடாது. பழைய பல் துலக்கியால் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகு பெட்டியில் வையுங்கள். அதையும் படிவத்தில் குறியுங்கள்.

கூடவே: தலைமூடியுள்ள மழைச்சட்டை, வெளிர் நிற முழுக்கை சட்டை, கைவிளக்கு, கொஞ்சம் ரொக்கம். குடை வேண்டாம். இந்தக் காற்றில் அது நிற்காது.

3. வரும் வழியும் பெட்ரோலும்

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து இரண்டு வழிகள். லூயிஸ் கணவாய், ரீஃப்டன், புல்லர் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கலாம். ஆர்தர்ஸ் கணவாய், கிரேமவுத் வழியாகத் தெற்கிலிருந்து ஏறலாம். காலை தாழ் ஓதத் திட்டத்துக்கு வடக்கு வழிதான் பொருந்தும்: முதல் நாள் லூயிஸ் கணவாய் வழியே வெஸ்ட்போர்ட் அல்லது சார்ல்ஸ்டன் வந்து இரவு தங்குங்கள், மறுநாள் புனகைக்கி முடித்து, கிரேமவுத், ஆர்தர்ஸ் கணவாய் வழியே திரும்புங்கள். வந்த பாதையில் திரும்ப வேண்டியதில்லை.

புதிதாக வருபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புல்லர் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்ததும் 6ஆம் எண் நெடுஞ்சாலை தெற்கே திரும்பிவிடும். வெஸ்ட்போர்ட் ஊர் அந்தச் சந்திப்பிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டிச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் "சார்ல்ஸ்டன்" என்று மட்டும் போட்டிருந்தால் ஊருக்குள் நுழையாமலே தெற்கே கூட்டிப்போய்விடும். பெட்ரோல், மளிகை, பணம் எடுக்கும் இயந்திரம் எல்லாம் இருப்பது வெஸ்ட்போர்ட்டில். அதைத் தவறவிட்டால் கிரேமவுத் பக்கம் போகும்வரை, சுமார் நூறு கிலோமீட்டருக்கு, பெட்ரோலை எதிர்பார்க்காதீர்கள். ஆகவே செயலியில் முதல் நிறுத்தமாக வெஸ்ட்போர்ட்டைப் போடுங்கள். வரைபடத்தை அங்கேயே செல்போனில் இறக்கிவையுங்கள். கடலோரத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

சாலையில் ஒற்றைத்தடப் பாலங்கள் வரும். சிவப்பு விளிம்புள்ள வட்டப் பலகை இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட்டு நில்லுங்கள். நீலச் சதுரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. ஆனாலும் எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டே ஏறுங்கள். புல்லர் பள்ளத்தாக்கில் ஹாக்ஸ் கிராக் என்ற இடத்தில் மலையைக் குடைந்து போட்ட ஒற்றைத் தடம் இருக்கிறது. பாறை தலைக்கு மேல் கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். படம் எடுக்க அங்கே நிற்கவே நிற்காதீர்கள்.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். வேக வரம்பு 100 என்றால் அந்த வேகத்தில் போகவேண்டும் என்று பொருள் இல்லை. சார்ல்ஸ்டன்–புனகைக்கி வளைவுகளில் பாதி நேரம் 60க்கு மேல் போகமுடியாது.

4. கான்ஸ்டன்ட் விரிகுடா: தாழ் ஓதத்துக்கு அரை மணி முன்பு

சார்ல்ஸ்டனில் முதல் வேலை இது. நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் சில நிமிடத்தில் புல்வெளியும் வண்டி நிறுத்தமும் வரும். அங்கிருந்து சிறு நடைபாதைகள் பாறை முனைகளுக்கு ஏறுகின்றன.

முதலில் கீழே மணலுக்குப் போகாமல் மேலே ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால்தான் விரிகுடாவின் வாய் தெரியும்: இரண்டு பாறைகளுக்கு இடையே ஒரு சந்து. 1860களின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு வேண்டிய மாவும் மண்வெட்டியும் இந்தச் சந்து வழியாகத்தான் பாய்மரப் படகில் வந்தன. சாலையே இல்லாத காலம். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சுரங்கத்துக்குப் போனால், ஊர் ஏன் இங்கே முளைத்தது, ஏன் நிலைக்கவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு இறங்கிப் பாறையைத் தொட்டுப் பாருங்கள். இது நைஸ் (gneiss) என்ற பாறை வகை: கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக, மடிந்து நெளிந்து கிடக்கும். வெயில் சாய்வாக விழும்போது அப்பிரகத் துணுக்குகள் மினுக்கும். மதியம் புனகைக்கியில் பார்க்கப்போகும் சுண்ணாம்புப் பாறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதால் வேறுபாடு கண்ணில் பதியும்.

பிழைகள்: வெளிமுனையின் ஈரப் பாறைகளில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பது. கறுப்பாக ஈரம் தெரிந்தால் அங்கே அலை வந்து போகிறது என்று அர்த்தம். காய்ந்த பாறையோடு நின்றுகொள்ளுங்கள். இன்னொன்று, புதருக்குள் குறுக்கே நடப்பது. மஞ்சள் பூப்பூக்கும் முள்புதர் இந்த நிலமெங்கும் மண்டியிருக்கிறது. அதன் அடியில் பழைய சுரங்கக் குழிகளும் வாய்க்கால் வெட்டுகளும் இருக்கலாம். போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.

பழைய புட்டி, ஆணி, இரும்புத் துண்டு கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். 1900க்கு முந்தைய மனிதத் தடயங்கள் உள்ள இடங்கள் அந்நாட்டில் தொல்லியல் தலங்களாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. நேரம் இருந்தால் ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள்.

5. மிட்செல்ஸ் கல்லி: விரிகுடாவுக்குப் பிறகு, முன்பு அல்ல

இந்தப் பழைய சுரங்கம் சார்ல்ஸ்டனுக்குச் சற்று வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. வடக்கிலிருந்து வரும்போது முதலில் இதுதான் வரும் என்பதால் பலர் இங்கேயே நின்றுவிட்டுத் தாழ் ஓதத்தைக் கோட்டைவிடுகிறார்கள். கடல் காத்திருக்காது, சுரங்கம் காத்திருக்கும். விரிகுடாவை முடித்துவிட்டு, வந்த வழியே ஐந்து நிமிடம் வடக்கே திரும்பி வாருங்கள். இது குடும்பத்தார் நடத்தும் இடம். அன்று திறந்திருக்கிறதா, என்ன நேரம் என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

உள்ளே போகும் முன் ஒன்று தெரிந்துகொண்டால் பார்ப்பது புரியும். இங்கே தங்கம் பாறைப் பிளவில் கட்டியாக இருந்ததல்ல. பழங்காலக் கடற்கரைகள் நிலம் உயர்ந்ததால் மேலே ஏறி மேடுகளாக நிற்கின்றன. அந்தக் கரைகளின் கறுப்பு மணலில் மாவுபோல் நுண்ணிய தங்கம். பல இடங்களில் மணல் இறுகிக் கல்லாகிவிட்டது. சுரங்கக்காரர்கள் அதை "சிமென்ட்" என்றே அழைத்தார்கள். அதனால்தான் குன்றுக்குள் சுரங்கப்பாதை வெட்டினார்கள். அதனால்தான் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் இரும்புலக்கைகள் தேவைப்பட்டன. இடித்துத் தூளாக்கி, தண்ணீரில் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள்.

சுரங்கப்பாதைக்குள் கைவிளக்கைச் சுவரின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் எல்லாம் பழுப்பாகத்தான் தெரியும். சாய்த்துப் பிடித்தால் கறுப்பு மணல் அடுக்கு தனிக் கோடாகத் தெரியும். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் தண்ணீர் நிற்கும் என்பதால் துணிக் காலணி வேண்டாம்.

6. தங்கம் அரிக்க ஆசையா? இடம் மாறிச் செய்யாதீர்கள்

சார்ல்ஸ்டன் கடற்கரையில் தட்டும் கையுமாக உட்கார்ந்துவிடாதீர்கள். நியூசிலாந்தில் மண்ணிலிருக்கும் தங்கம் அரசுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். தேசியப் பூங்காவுக்குள் பேச்சே இல்லை.

அதற்கென்று ஒதுக்கிய பொது இடங்கள் இருக்கின்றன. ரீஃப்டனுக்குத் தெற்கே ஸ்லாப் ஹட் ஓடை, கிரே பள்ளத்தாக்கில் நெல்சன் ஓடை இரண்டும் உங்கள் வழிக்குப் பக்கம். அங்கே அனுமதி வேண்டாம், கட்டணம் இல்லை, கிடைத்தது உங்களுக்கு. நிபந்தனை: தட்டு, மண்வெட்டி போன்ற கைக்கருவி மட்டும், மோட்டார் கூடாது, தோண்டிய குழியை மூடிவிட வேண்டும்.

முறை இது:

- ஓடை வளையும் இடத்தின் உட்புறம், பெரிய கல்லின் கீழ்நீர்ப் பக்கம், அடிப்பாறையின் வெடிப்பு, இங்கேதான் மண் எடுக்க வேண்டும். நீரின் வேகம் குறையும் இடத்தில்தான் கனமானது படியும்.
- தட்டைத் தண்ணீருக்குள் வைத்துக் களிமண்ணைக் கையால் நன்றாகக் கரையுங்கள். பெரிய கற்களைக் கழுவி வெளியே போடுங்கள். கரைக்காமல் விட்டால் தங்கம் களிமண் உருண்டையோடு வெளியே போய்விடும்.
- தட்டைச் சமமாகப் பிடித்துப் பக்கவாட்டில் உதறுங்கள். கனமானது அடிக்கு இறங்க இது. அவசரக்காரர்கள் தாவிக் குதிப்பது இந்தப் படியைத்தான்.
- பிறகு சாய்த்து, மேல் மணலை நீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுங்கள். கல் கலந்த அரிசியை இரண்டு பாத்திரத்தில் அரித்த பழக்கம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று வந்துவிடும். இங்கே அரிசியை விட்டுவிட்டுக் கல்லை வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.
- கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு மணல் மிஞ்சும். அதை மெல்லச் சுழற்றினால் ஓரத்தில் மஞ்சள் புள்ளி வால்போல் நீளும்.

ஒளிரும் எல்லாவற்றையும் பார்த்துக் கூவாதீர்கள். தட்டை உங்கள் நிழலுக்குள் கொண்டுவாருங்கள். அப்பிரகம் அணைந்துவிடும், தங்கம் அதே மஞ்சளில் இருக்கும்.

மணல் ஈ என்ற கடிக்கும் சிறு பூச்சிக்குத் தடவிய எண்ணெயும் வெயில் களிம்பும் கையிலிருந்து தட்டுக்குப் போனால் நுண்தங்கம் நீரில் மூழ்காமல் மிதந்து வெளியேறிவிடும். உள்ளங்கையைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். மருந்தைப் புறங்கைக்கும் கணுக்காலுக்கும் மட்டும் தடவுங்கள்.

7. மணல் ஈ: இதற்குத் தனித் தலைப்பு வேண்டியிருக்கிறது

கொசுவை நினைத்துக்கொண்டு சாயங்காலம் மட்டும் மருந்து தடவுகிறார்கள். மணல் ஈ கடிப்பது பகலில். விடியலிலும் அந்தியிலும் தொல்லை அதிகம். நன்றாக இருட்டியதும் போய்விடும். காற்று வீசினால் வராது, நடந்துகொண்டிருந்தால் அதிகம் பிடிக்காது, நின்றால் மொய்க்கும். அடர் நிறத் துணியைத் தேடி வரும். எனவே வெளிர் நிறம், முழுக்கை, காலுறை. வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். சொறிந்தால் அரிப்பு நாள்கணக்கில் நீளும்.

8. தெற்கே புனகைக்கி: உயர் ஓதத்துக்கு ஒரு மணி முன்பு

சார்ல்ஸ்டனிலிருந்து கிளம்பும்போது இடையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஃபாக்ஸ் ஆற்று முகத்துவாரம், இரிமாஹுவேரோ காட்சிமுனை இரண்டும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கின்றன.

மெல்லிய தட்டுகளை அடுக்கியதுபோல் நிற்கும் புனகைக்கியின் அடுக்குப் பாறைகளைச் (Pancake Rocks) சுற்றிவரும் பாதை சுமார் ஒரு கிலோமீட்டர்தான், கட்டணம் இல்லை. இருபது நிமிடத்தில் சுற்றிவிடலாம் என்பதாலேயே பலர் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருமுறை சுற்றி இடங்களைப் பார்த்துவிட்டு, உயர் ஓதத்தின்போது ஊதுதுளைப் பக்கம் வந்து நில்லுங்கள். முதலில் காலுக்கடியில் ஒரு அதிர்வு, பிறகு பெருமூச்சு மாதிரி ஓசை, அதன் பிறகுதான் நீர் மேலே வரும். செல்போனை அதிர்வு கேட்டதும் தூக்கினால் சரியாக இருக்கும்.

உயர் ஓதம் மட்டும் போதாது; தென்மேற்கிலிருந்து அலை எழுச்சியும் வேண்டும். கடல் முன்னறிவிப்பில் அலையின் உயரத்தையும் திசையையும் பாருங்கள். கடல் தட்டையாக இருக்கும் நாளில் எவ்வளவு நேரம் நின்றாலும் கொப்பளிப்புக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அன்று நேரத்தைப் பொரோராரி ஆற்றுப் பாதைக்குக் கொடுங்கள். நிக்காவ் பனைகளுக்கு இடையே சுண்ணாம்பு மதில்களை ஒட்டிப் போகும் அந்த நடை எந்த ஓதத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

வடக்கே மூன்று கிலோமீட்டரில் ட்ரூமன் பாதை: போக கால் மணி, வரக் கால் மணி. காட்சிமேடை வரை எப்போதும் போகலாம். கீழே கடற்கரைக்கு உயர் ஓதத்தில் இறங்காதீர்கள்.

இயற்கைப் பாதுகாப்பு நிலத்தில் ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். வீக்கா என்ற பறக்காத பறவை வண்டி நிறுத்தத்தில் நடமாடும். தின்பண்டம் மட்டுமல்ல, கழற்றிவைத்த காலுறையையும் தூக்கிக்கொண்டு ஓடும்.

9. மழை வந்தால் எதை வெட்டுவது

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் கரை இது. மழைக்காகப் பயணத்தைத் தள்ளினால் கடைசிவரை கிளம்பவே மாட்டீர்கள். வெட்ட வேண்டியது ஆற்றைக் கடக்கும் நடைகளை மட்டும். ஃபாக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் உட்பகுதிக்குப் போகும் பாதையில் ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டிவரும். உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மலையில் பெய்தால் ஆறு மளமளவென்று ஏறும். நீர் கலங்கலாக இருந்தாலோ, உருளும் கற்களின் சத்தம் கேட்டாலோ திரும்பிவிடுங்கள்.

அடுக்குப் பாறைப் பாதையையும் சுரங்கத்தையும் மழையிலும் பார்க்கலாம். சார்ல்ஸ்டனிலிருந்து புறப்படும் ஒளிப்புழுக் குகைச் சுற்றுலாவும் உண்டு. அதற்கு முன்பதிவும் அரை நாளும் வேண்டும் என்பதால் ஓத நாளோடு சேர்க்காமல் மறுநாளுக்கு வையுங்கள். மழை மிஞ்சினால் அதையும் அவர்களே நிறுத்திவிடக்கூடும். காலையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நில அதிர்வு நீளமாகவோ பலமாகவோ இருந்தால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆழிப்பேரலைக்கு இங்கே சொல்லித்தரும் விதி அதுதான். அவசர எண் 111.

10. திரும்பும் நேரம்

புனகைக்கி முடிந்து தெற்கே கிரேமவுத் சுமார் 45 கிலோமீட்டர். டிசம்பரில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூலையில் ஆறு மணிக்குள்ளேயே இருட்டிவிடும். குளிர்காலத்தில் இருட்டிய பிறகு ஆர்தர்ஸ் கணவாய் ஏறாதீர்கள். உறைபனியும் வளைவும் சேர்ந்துவரும். அன்றிரவு கிரேமவுத்தில் தங்கி, காலையில் கணவாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே வருபவர்கள் புனகைக்கியிலேயே அந்திவரை இருந்து பார்க்கலாம். வெஸ்ட்லாந்து பெட்ரல் என்ற கடற்பறவை உலகில் கூடு கட்டுவது இந்த ஊருக்குப் பக்கத்துக் குன்றுகளில் மட்டுமே. இருட்டும் தறுவாயில் கடலிலிருந்து கூட்டமாகக் கரைக்குத் திரும்பும். வண்டி விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளிச்சம் அவற்றைத் திசைதிருப்பிவிடும்.